இரண்டாவது டம்ளர்

குழந்தைகளோடு வீட்டில் செய்யும் அறிவியல் சோதனைகளுக்கு வேண்டிய பொருள்கள் அநேகமாக அடுப்படி அலமாரியிலேயே இருக்கின்றன: மஞ்சள் தூள், எலுமிச்சம்பழம், ஆப்ப சோடா, உப்பு, சர்க்கரை, பால், மிளகு, சோப்பு. குறைவது பெரும்பாலும் இன்னொரு டம்ளர்தான். ஆப்ப சோடாவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் புஸ்ஸென்று பொங்கும். குழந்தை கை தட்டும். அதோடு நின்றுவிட்டால் அது வேடிக்கை. பக்கத்திலேயே இன்னொரு டம்ளரில் அதே அளவு சோடாவைப் போட்டு வெறும் தண்ணீரை ஊற்றி, 'இது ஏன் பொங்கவில்லை?' என்று கேட்கும்போதுதான் சோதனை தொடங்குகிறது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது ஆய்வுக்கூடங்களில் விடாமல் பின்பற்றப்படும் முறை. வீட்டில் அதற்கு இரண்டாவது டம்ளர் போதும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஊற்றுவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று குழந்தை சொல்லிவிட வேண்டும். சொன்னதை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். நடந்து முடிந்த பிறகு 'அப்போதே தெரியும்' என்று சொல்வது பெரியவர்களுக்கே சுலபம். எழுதிவைத்த ஊகம் தப்பாகிப்போனால்தான் யோசனை கிளம்பும். இந்த இரண்டு பழக்கமும் இல்லாத வீட்டில், கடையில் விலை கொடுத்து வாங்கிய அறிவியல் பெட்டிகூட ஒரு சாயங்காலத்துக்கு மேல் தாங்காது.

தொடங்குவதற்கு மஞ்சள் வசதியானது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாகவே இருக்கும். காரத்தில் செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு துளி சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது இதனால்தான். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் குங்குமம் செய்யும் பழைய முறைக்கும் அடிப்படை இதுவே. வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திய இடத்தில் சலவை சோப்பைத் தேய்த்ததும் கறை சிவப்பதையும், நன்றாக அலசியதும் பழையபடி மஞ்சளாவதையும் துணி துவைக்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி, நிழலில் உலர்த்தி, விரலகலத் துண்டுகளாக வெட்டிக்கொண்டால் சோதனைத் தாள் தயார். வெயிலில் உலர்த்தக் கூடாது. வெயில் பட்டால் குர்குமின் சிதைந்து நிறம் வெளுத்துவிடும். (போகாத மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டால் மங்குவதும் இதனால்தான்.) ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொன்றாகச் சொட்டு விட்டுப் பார்க்கலாம்: சலவை சோப்புக் கரைசல், ஆப்ப சோடா கரைசல், மோர், புளித்தண்ணீர், ஷாம்பு, எலுமிச்சைச் சாறு, வெறும் தண்ணீர். சோப்புக்கு நன்றாகச் சிவக்கும். ஆப்ப சோடாவுக்கு லேசாகத்தான் சிவக்கும், ஏனென்றால் அது வலுவில்லாத காரம். பல ஷாம்புகளுக்கு நிறமே மாறாது. நுரைப்பதெல்லாம் காரம் இல்லை என்பது அங்கே தெரியவரும். எலுமிச்சைக்கும் மாறாது, தண்ணீருக்கும் மாறாது.

கடைசி இரண்டையும் குழந்தைகள் 'ஒன்றும் ஆகவில்லை' என்று தள்ளிவிடுவார்கள். தள்ளக் கூடாத இடம் அதுதான். புளிப்பான சாற்றையும் சப்பென்ற தண்ணீரையும் மஞ்சளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால், பிரித்துச் சொல்லும் வேறொரு நிறம் வேண்டும். வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூ அந்த வேலையைச் செய்யும். பத்துப் பதினைந்து பூக்களை வெந்நீரில் போட்டுக் கால் மணி நேரம் மூடிவைத்தால் நீலச் சாறு இறங்கும். அதைச் சிறு கிண்ணங்களில் பிரித்து, ஒன்றில் மட்டும் எதையும் சேர்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறு சேர்த்த கிண்ணம் ஊதாவாகி, சாறு கூடக்கூட இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். ஆப்ப சோடா சேர்த்தது பச்சை கலந்த நீலமாகும். செம்பருத்தி இதழ்களிலும் இதைச் செய்யலாம். அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை. ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பம்தான் இரண்டுக்கும் பொது. செந்நிற முட்டைக்கோஸிலும் நாவல் பழத் தோலிலும் அதுவே இருக்கிறது.

பூவின் நிறத்தைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் அடையாளம் காணும் முறையை இங்கிலாந்தின் ராபர்ட் பாயில் 1664-இல் நிறங்களைப் பற்றி வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டது வயலட் பூக்களின் சாறு. பள்ளி ஆய்வுக்கூடத்து லிட்மஸ் தாளுக்கும் முன்னோடி அந்த வகைச் சோதனைதான்.

இனி, முதலில் சொன்ன பொங்கும் சோடா. எரிமலை செய்வதுதான் வழக்கமாகிவிட்டது. களிமண் மலை, சிவப்புச் சாயம், நுரை. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து எதையும் அளக்க முடியாது. ஒரு சிறிய தண்ணீர் பாட்டிலும் பலூனும் இருந்தால் அளக்கலாம். பாட்டிலில் எலுமிச்சைச் சாறு. பலூனுக்குள் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா. பலூனைப் பாட்டிலின் வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா உள்ளே கொட்டி, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு பலூனை நிரப்பும். சோடாவின் அளவை மாற்றாமல், சாற்றை மட்டும் ஒரு டீஸ்பூன், இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். பலூன் ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே வந்து, ஏறத்தாழ ஒரு முழுப் பழத்தின் சாறு சேரும் அளவில் நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு பிழிந்தாலும் பெரிதாகாது, ஏனென்றால் வினைபுரியச் சோடா மிச்சமில்லை. அந்தக் கால் டீஸ்பூனிலிருந்து கிடைக்கும் வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர். ஒரு பொருள் தீர்ந்துவிட்டால் வினையும் நின்றுவிடும் என்ற இந்தப் பாடத்தை மேல்வகுப்புகளில் கணக்காகப் போடுவதற்குள் குழந்தை கண்ணால் பார்த்திருக்கும்.

இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. ஆழமான பாத்திரத்தில் சோடாவையும் சாற்றையும் கலந்து நுரை அடங்கியதும், திரவம் சிந்தாமல் பாத்திரத்தை மட்டும் எரியும் மெழுகுவர்த்தியின் மேல் சாய்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று வழிந்து சுடர் அணையும்.

உயிருள்ளவற்றோடு செய்யும் சோதனைகளுக்குத் தமிழ் வீடுகளில் தனி வசதி உண்டு. இட்லி மாவும் உறை மோரும் அநேகமாக எப்போதும் இருக்கும். இட்லி மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியமான வேலையைச் செய்வது லூகோநாஸ்டாக் மெசன்டராய்டிஸ் போன்ற பாக்டீரியாக்கள். உளுந்தோடு ஒட்டிக்கொண்டே அவை வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. மாவிலுள்ள சர்க்கரைகளை உண்டு அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவை உயர்த்துகிறது. அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் வழவழப்பும்.

மாவு அரைக்கும் அன்று, கலப்பதற்கு முன், அரிசி மாவில் கொஞ்சத்தைத் தனியாக ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துவைக்கலாம். இன்னொரு டம்ளரில் கலந்த மாவு. இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் அடையாளம் ஆயிற்று. காலையில் கலந்த மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி மேலே நிற்கும். அரிசி மாவின் உயரம் பெரிதாக மாறியிருக்காது. மூன்றாவதாகக் கலந்த மாவையே ஒரு டம்ளரில் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், அதுவும் அப்படியே இருக்கும். மூன்று டம்ளரையும் வரிசையாக வைத்தால், உளுந்தும் வேண்டும், வெதுவெதுப்பும் வேண்டும் என்பது விளங்கிவிடும்.

கை ராசி என்ற பழைய நம்பிக்கையையும் இதே முறையில் சோதித்துப் பார்க்கலாம். சிலர் கை வைத்துக் கலந்தால்தான் மாவு பொங்கும் என்று சொல்லாத குடும்பம் குறைவு. ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கையாலும் மற்றொன்றைச் சுத்தமான கரண்டியாலும் ஒரே எண்ணிக்கைச் சுற்றுகள் கலந்து, அருகருகே வைக்க வேண்டும். கரண்டியால் கலந்த மாவும் பொங்கும், ஏனென்றால் வேலை செய்யும் பாக்டீரியா உளுந்திலேயே இருக்கிறது. பாட்டிக்கும் பேரனுக்கும் இதில் வாக்குவாதம் வந்தால், அடுத்த முறை மாவு அரைக்கும்போது மறுபடியும் செய்து பார்ப்பதே சரி. ஒரு முறை கிடைத்த முடிவை நம்பிவிடக் கூடாது என்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

தயிருக்கு நான்கு டம்ளர். காய்ச்சிய பாலை நான்காகப் பிரித்து, ஒன்றில் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே உறை ஊற்ற வேண்டும். இரண்டாவதில் கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40-லிருந்து 45 டிகிரி செல்சியஸில். மூன்றாவதில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலில் ஊற்றி மறுபடியும் ஃபிரிட்ஜிலேயே வைக்க வேண்டும். நான்காவதில் உறையே வேண்டாம். மற்ற மூன்றிலும் உறை மோர் ஒரே டீஸ்பூன் அளவு. சில மணி நேரம் கழித்து இரண்டாவது டம்ளர் மட்டும் கெட்டியாகத் தோய்ந்திருக்கும். கொதிக்கும் பாலில் பாக்டீரியா செத்துவிடுகிறது. குளிரில் சாகாமல் சோம்பிக் கிடக்கிறது. செத்ததா, சோம்பிக் கிடக்கிறதா என்பதையும் கண்டுபிடிக்கலாம்: முதல் டம்ளரையும் மூன்றாவதையும் வெதுவெதுப்பாக ஓரிடத்தில் வைத்தால் மூன்றாவது தோயத் தொடங்கும், முதலாவது தோயாது. பாலின் அமில அளவு கூடி, பி.எச். மதிப்பு 6.6 அளவிலிருந்து 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகிறது, அதுதான் தயிர். சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் அதே புரதம் சட்டென்று திரிந்து பன்னீராகும். அமிலம் மெதுவாக வந்தால் தயிர், திடீரென்று வந்தால் திரிதல்.

வாழைப்பூ ஆய்ந்ததும் மோரில் போடும் வழக்கத்தையும் சோதனையாக்கலாம். நறுக்கிய பூவை ஒரு கிண்ணத்தில் அப்படியே, ஒன்றில் தண்ணீரில், ஒன்றில் மோரில் வைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனின் உதவியோடு கருப்பு நிறப் பொருள்களை உண்டாக்குகிறது. தண்ணீர் காற்றை ஓரளவு தடுக்கிறது, மோரின் புளிப்பு நொதியையும் மந்தமாக்குகிறது. கத்தரிக்காய், வாழைக்காய், ஆப்பிள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சவ்வூடு பரவலுக்கு முட்டை நல்ல பொருள். ஒரு முட்டையை வினிகரில் மூழ்கும்படி ஒன்றிரண்டு நாள் வைத்தால் ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் கரைந்து, குமிழி குமிழியாக வாயு வெளியேறி, உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு மட்டும் முட்டையைத் தாங்கி நிற்கும். ஓடில்லாத முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் கரு அசைவது தெரியும். அதைத் தண்ணீரில் ஒரு நாள் வைத்தால் உப்பும். கெட்டியான சர்க்கரைப் பாகில் வைத்தால் சுருங்கித் தொய்ந்துபோகும். சவ்வு தண்ணீரைப் போக வர விடுகிறது, பெரிய மூலக்கூறுகளை விடுவதில்லை. கரைபொருள் அதிகமுள்ள பக்கத்துக்குத் தண்ணீர் நகர்கிறது. அடுப்படித் தராசு இருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் எடை போட்டு எழுதலாம். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

முட்டை சேர்க்காத வீட்டில் உலர்திராட்சையும் மாவடுவும் இருக்கின்றன. உலர்திராட்சை தண்ணீரில் ஊறி உப்புவது எல்லோருக்கும் தெரிந்தது. மாவடு எதிர்த்திசை. கல்லுப்பு போட்டுக் குலுக்கிவைத்த வடுக்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே இரண்டொரு நாளில் தாமே தண்ணீர் விட்டுத் தோல் சுருங்கி அந்த உப்புநீரில் மிதக்கும். ஜாடியில் ஊறும் தண்ணீர் முழுவதும் காய்க்குள் இருந்தது. பத்து வடுக்களை உப்பில்லாமல் இன்னொரு கிண்ணத்தில் வைத்துப் பார்த்தால் அவை அப்படித் தண்ணீர் விடாது. பாக்டீரியாவும் உப்பில் இதே கதிக்கு ஆளாவதால்தான் ஊறுகாய் கெடாமல் நிற்கிறது.

தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத் தூளைத் தூவி, சோப்பு தொட்ட விரலை நடுவில் வைத்தால், மிளகெல்லாம் ஓரத்துக்கு ஓடும். சோப்பு இல்லாத விரலால் முதலில் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். அதுதான் இங்கே இரண்டாவது டம்ளர். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டியதுபோல ஒரு விசையோடு இருக்கிறது; சோப்பு பட்ட இடத்தில் அந்த விசை தளர்கிறது; தளராத ஓரங்கள் மேற்பரப்பைத் தம் பக்கம் இழுக்கின்றன, அதன்மேல் மிதந்த மிளகும் கூடவே போகிறது. அதே தட்டில் மறுபடியும் செய்தால் வேலைக்கு ஆகாது. குழந்தைகள் ஏமாந்துபோகும் இடம் இது. பரப்பு முழுவதும் ஏற்கெனவே சோப்பு பரவிவிட்டது. தட்டை நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினால்தான் மறுபடியும் நடக்கும்.

பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் என்ன செய்கின்றன என்று கவனிப்பதை ஒருவர் வாழ்நாள் ஆராய்ச்சியாகவே ஆக்கினார். ஆக்னஸ் பொக்கெல்ஸ் 1862-இல் வெனிஸில் பிறந்தவர். ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் வளர்ந்தார். பெண்களுக்கு அன்று அங்கே பல்கலைக்கழகத்தில் இடமில்லை. நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலை செய்துவந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த தம்பி ஃபிரீட்ரிஷ் அவருக்குப் புத்தகங்கள் தந்தார். இருபது வயதை ஒட்டி ஆக்னஸ் ஒரு தகரத் தொட்டியைத் தயாரித்தார். அதில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தினால் மேற்பரப்பைச் சுருக்கவும் விரிக்கவும் முடியும். தராசில் தொங்கும் ஒரு சிறு வட்டைத் தண்ணீரிலிருந்து பிய்த்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்து, அழுக்கு படிந்த பரப்புக்கும் சுத்தமான பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை அளந்தார்.

பத்தாண்டு கழித்து, 1891 ஜனவரியில், இதே விஷயத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மன் மொழியில் இருந்த கடிதத்தை ரேலியின் மனைவி ஆங்கிலத்தில் பெயர்த்தார். ரேலி அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிவைக்க, அந்த ஆண்டு மார்ச் மாதம் அது வெளியானது. நீர்ப்பரப்பின்மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் படியும் படலங்களை ஆராய்ந்த அமெரிக்காவின் எர்விங் லாங்மியூர் 1932-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கையாண்ட கருவி பொக்கெல்ஸின் தொட்டி வழியில் வந்தது. அதே 1932-இல் பிரௌன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பொக்கெல்ஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1935-இல் அவர் காலமானார்.

வீட்டுச் சோதனைகளில் மிகப் பிரபலமானதும், மிக அதிகமாகத் தப்பாக விளக்கப்படுவதும் மெழுகுவர்த்திச் சோதனைதான். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால் டம்ளரிலும் ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும் இந்த விளக்கம் நிற்காது. ஆக்சிஜன் எரியும்போது அதன் இடத்தில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. டம்ளரிலுள்ள ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

புத்தகத்தோடு வாதிட வேண்டியதில்லை. உற்றுப் பார்த்தால் போதும். தண்ணீர் ஏறுவது சுடர் எரியும்போதா, அணைந்த பிறகா? பெரும்பகுதி அணைந்த பிறகுதான் ஏறுகிறது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பின் அடியில் குமிழிகள் வெளியே வருகின்றனவா? வருவதுண்டு. அடுத்து, ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் அதே டம்ளருக்குள் மூன்றை ஏற்றினால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். காற்றிலுள்ள ஆக்சிஜனோ கூடவில்லை. கடைசியாக, மெழுகுவர்த்தியே இல்லாமல், வெந்நீரில் நன்றாகச் சூடேற்றிய டம்ளரைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வைத்தால் அதிலும் தண்ணீர் கொஞ்சம் ஏறும். சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிட, மிச்சம் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. நீராவி மறுபடி தண்ணீராவதும் ஆக்சிஜன் செலவாவதும் இதில் சிறு பங்கு வகிக்கின்றன. பைசாந்தியத்தைச் சேர்ந்த ஃபைலோ இந்தச் சோதனையை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். தவறான விளக்கங்களுக்கும் ஏறத்தாழ அதே வயது. மெழுகுவர்த்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு எவ்வளவு வேதியியல் சொல்லலாம் என்பதற்கு, மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் ஆற்றிய உரைகள் சான்று.

தோசைக்கல்லில் செய்வது பெரியவர்களின் வேலை. குழந்தை தள்ளி நின்று நேரம் பார்க்கலாம். கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்பது எல்லா வீட்டிலும் உண்டு. லேசாகச் சூடான கல்லில் சொட்டு பரவி மெதுவாக வற்றும். நன்றாகச் சூடானால் 'சுர்' என்று ஓரிரு நொடியில் மறையும். இன்னும் சூடேறி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சொட்டு மறையாமல் முத்தாக உருண்டு அங்குமிங்கும் ஓடத் தொடங்கும். சூடு கூடியும் வற்றுவதற்கு நேரம் கூடுகிறது என்பதை எந்தக் குழந்தையும் முன்கூட்டி ஊகித்திருக்காது. சொட்டின் அடிப்பகுதி தொட்ட கணத்தில் ஆவியாகி, அந்த ஆவிப் படலம் சொட்டைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது. ஆவி வழியாகச் சூடு மெதுவாகத்தான் ஏறும். ஜெர்மன் மருத்துவர் யோஹான் கோட்லோப் லைடன்ஃபிராஸ்ட் 1756-இல் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் இதைச் சோதித்து விவரித்ததால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. இதற்கு இரும்புக் கல்தான் ஏற்றது. நான்ஸ்டிக் கல்லை வெறுமனே அந்த அளவுக்குச் சூடேற்றக் கூடாது.

கற்கண்டு செய்வது பொறுமைக்கான சோதனை. நூறு மில்லி தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். கொதிநிலையில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். உப்போ சாதாரண வெப்பத்தில் 36 கிராம்தான், கொதித்தாலும் 39. அதனால்தான் சூடான சர்க்கரைக் கரைசல் ஆறும்போது தொங்கவிட்ட நூலில் படிகம் வளர்கிறது. உப்புக் கரைசல் ஆறினால் போதாது, தண்ணீர் வற்ற வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் செய்வது அந்த வேலையைத்தான். தட்டில் ஊற்றிய உப்புக் கரைசலை மாடியில் வெயிலில் வைத்தால் இரண்டொரு நாளில் சிறு சிறு சதுரப் படிகங்கள் தெரியும்.

ஐஸும் உப்பும் சேர்ந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். எல்லை மைனஸ் 21 டிகிரி. குல்பி விற்பவரின் பானைக்குள் ஐஸோடு உப்பு இருப்பதன் காரணம் அது. இதை அளக்கக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அதன் அளவே 35-க்கு மேல்தான் தொடங்குகிறது, கண்ணாடியில் இருந்தால் வெந்நீரில் வெடித்து உள்ளிருக்கும் பாதரசம் சிதறவும் செய்யும். அடுப்படிக்கென்று விற்கும் எலக்ட்ரானிக் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவைத்தால் மேலே சொன்ன பாதிச் சோதனைகளுக்கு உதவும். ஐஸ், உப்புக் கலவையை வெறுங்கையில் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

வயதைப் பொறுத்து வேலையைப் பிரிக்க வேண்டும். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு நிறம் மாறுவதும் மிதப்பதும் மூழ்குவதும் போதும். ஏழெட்டு வயதில் ஊகமும் இரண்டாவது டம்ளரும் பிடிபடும். பத்து வயதைத் தாண்டியவர்கள் அளக்கவும் வரைபடம் போடவும் விரும்புவார்கள். விடையை முன்கூட்டிச் சொல்லிவிடுவது எல்லா வயதிலும் கெடுதல்.

சில எச்சரிக்கைகளில் விட்டுக்கொடுப்பதற்கில்லை. சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. வருவது குளோரின், நச்சு வாயு. குக்கர் சோதனைப் பொருள் இல்லை. மூடிய பாட்டிலுக்குள் சோடாவையும் அமிலத்தையும் அடைத்துவைக்கக் கூடாது. சோதனைக்கு எடுத்ததை ருசி பார்க்கும் பழக்கம் வேண்டாம். தயிரும் பன்னீரும்கூட சுத்தமான பாத்திரத்தில் செய்திருந்தால் மட்டுமே.

விலையில்லாப் பொருள்களைக் கொண்டு அறிவியல் சொல்லித்தரும் மரபு ஒன்று உலகெங்கும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆய்வுக்கூடம் இழந்த பள்ளிகளுக்காக எழுதப்பட்ட ஒரு சிறு கையேட்டிலிருந்து வளர்ந்ததுதான் யுனெஸ்கோ 1956-இல் வெளியிட்ட அறிவியல் ஆசிரியர்களுக்கான மூலநூல். இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா தீப்பெட்டியையும் சைக்கிள் டியூபையும் கொண்டு செய்த பொம்மைகள் பிரசித்தமானவை. அவருடைய நூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். தமிழில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ் 1980-களிலிருந்து சிறுவர்களுக்கு அறிவியலைச் சொல்லிவருகிறது.

நோட்டில் தேதியையும் நேரத்தையும் போடக் குழந்தையைப் பழக்குங்கள். சித்திரையில் ராத்திரி கரைத்து விடியற்காலையில் பொங்கி நிற்கும் மாவு, மார்கழியில் அதே அளவு உயர முன்மதியம் வரை எடுத்துக்கொள்ளும். ஊட்டியில் அதற்கும் மேலே ஆகும்.